பிணம் நடக்கலாம், பழைய பெட்ரோலில் கார் ஓடக் கூடாது: ஜாம்பித் தொடர் பார்த்து வாதாடும் முறை

"செத்தவன் எழுந்து நடக்கிறதையே நம்பியாச்சு. அப்புறம் பெட்ரோலைப் பத்தி என்ன கேள்வி?"

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பேர் கூடி ஜாம்பித் தொடர் பார்க்கும் வீட்டில் இந்த வரி எப்படியும் ஒருமுறை வந்துவிடும். வந்ததும் பேச்சு நின்றுபோகும். இதற்குச் சரியான பதில் தெரிந்திருந்தால்தான் மற்ற வாதங்களுக்கு வழி திறக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

பதில் நமக்குத் தெரிந்த கதையிலேயே இருக்கிறது. முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கிறான். பிணத்துக்குள் புகுந்த வேதாளம் வழியெல்லாம் கதை சொல்கிறது. பிணம் எப்படிப் பேசும் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு விதி உண்டு: விடை தெரிந்தும் ராஜா வாய் திறக்காவிட்டால் தலை சிதறும், வாய் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். ஒரு ராத்திரி ராஜா பதில் சொல்லியும் வேதாளம் தோளிலேயே கிடந்தால் அதே குழந்தை "அது எப்படி?" என்று எழுந்து உட்காரும். ராஜா கால் வலிக்காமல் ஒரே இரவில் ஆயிரம் கல் நடந்தாலும் கேட்கும். கதைசொல்லிக்கு ஒரு பொய்யை இனாமாகக் கொடுக்கிறோம். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்று கேட்க அதனாலேயே நமக்கு உரிமை வருகிறது.

உதாரணங்களுக்கு தி வாக்கிங் டெட் தொடரை எடுத்துக்கொள்வோம். 2010 அக்டோபர் 31 முதல் 2022 நவம்பர் 20 வரை, 11 சீசன், 177 எபிசோடு. வாதாட இதைவிடப் பெரிய களம் கிடைக்காது. யார் சாகிறார்கள் என்பதெல்லாம் கீழே வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

புகாரைக் கூடை பிரித்துப் போடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். முதல் பக்கம், நாம் இனாமாகக் கொடுத்த பொய். இரண்டாவது, தொடர் தானே வகுத்துக்கொண்ட விதிகள். மூன்றாவது, பெட்ரோல், தண்ணீர், புல், தூரம் போன்ற சாதாரண உலக விஷயங்கள். நான்காவது, மனிதர் எடுக்கும் முடிவுகளும் கதாசிரியர் எடுக்கும் முடிவுகளும். ஒரு புகார் தோன்றியவுடன் எந்தப் பக்கத்துக்குரியது என்று பாருங்கள். வீட்டில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, ஒருவர் மூன்றாம் பக்கத்தைப் பேசும்போது இன்னொருவர் முதல் பக்கத்திலிருந்து பதில் சொல்வதால் வருபவைதான்.

எழுதும்போது சீசன், எபிசோடு, நிமிடம் மூன்றையும் குறியுங்கள். "எங்கேயோ ஒரு இடத்துல அப்படித்தானே வரும்" என்பதைச் சான்றாக ஏற்காதீர்கள். மனம் காட்சிகளை மாற்றிச் சேர்த்துவிடும், திரும்பப் போட்டுப் பார்த்தால் பாதிக் குற்றச்சாட்டு அங்கேயே கரைந்துபோகும்.

முதல் பக்கம்: சீக்கிரம் கடந்துவிடுங்கள்

தசை அசைய ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ஆக்சிஜனும் உணவும் வேண்டும். இதயம் நின்ற உடலுக்கு இரண்டும் இல்லை. இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், ஓரிரு நாளில் விறைப்பு விட்டு அழுகும். ஜார்ஜியாவின் கோடையில் திறந்த வெளியில் கிடக்கும் உடலை ஈயும் புழுவும் சில வாரங்களில் எலும்பாக்கிவிடும். இதெல்லாம் உண்மை, இதைச் சொல்லி வாதத்தில் ஜெயிக்க முடியாது என்பதும் உண்மை. இனாமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் பேசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

இரண்டாம் பக்கம்: தொடரை அதன் வாயாலேயே மடக்குவது

நல்ல வாதத்துக்கு இதுதான் விளைநிலம். தொடர் சொன்ன ஒவ்வொரு விதியையும் சொன்ன இடத்தோடு எழுதி வையுங்கள்.

முதல் சீசனின் கடைசி எபிசோடில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டாக்டர் ஜென்னர், இறந்தவர் எழ மூன்று நிமிடம் முதல் எட்டு மணி நேரம் வரை ஆகலாம் என்கிறார். மூளைத்தண்டு மட்டும் மறுபடி வேலை செய்கிறது, மனிதனை மனிதனாக்கும் பகுதி எழுவதில்லை என்றும் காட்டுகிறார். கடியே படாத ஷேன் இரண்டாம் சீசனில் இறந்து எழுந்ததும், எல்லார் உடம்பிலும் நோய் ஏற்கெனவே இருக்கிறது என்று கதாநாயகன் ரிக் வெளியே சொல்கிறான். இந்த மூன்றும் கையில் இருந்தால் பின்னால் வரும் எந்தச் சாவையும் அளந்துவிடலாம். எழுந்த நேரம் அந்த இடைவெளிக்குள் வருகிறதா? கடிபடாமல் இறந்தவரின் தலையைத் தோழர்கள் குத்தினார்களா, இல்லை மறந்துபோய்ப் புதைத்தார்களா?

விதி வழுவிய இடங்களும் உண்டு. முதல் எபிசோடில் மோர்கனின் மனைவி கதவுக் குமிழைத் திருகுகிறாள். இரண்டாம் எபிசோடில் ஒரு வாக்கர் (எழுந்து நடக்கும் பிணத்துக்குத் தொடர் வைத்த பெயர்) கல்லை எடுத்துக் கடைக் கண்ணாடியை அடிக்கிறது. அதற்குப் பிறகு நெடுங்காலம் கதவு திறக்கத் தெரிந்த வாக்கரே இல்லை. பதினோராம் சீசனில், சுவர் ஏறிக் கதவு திறக்கும் தனி வகை ஒன்று இருக்கிறது என்று தொடர் பழைய கணக்கைச் சரிக்கட்டுகிறது. பன்னிரண்டு வருடம் கழித்து வைத்த ஒட்டு என்று ஒருவர் சொல்லலாம், முதல் எபிசோடையே மதித்துத் திரும்பிப் போனார்கள் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் சான்று இருப்பதால் இது நல்ல தகராறு.

இன்னும் கூர்மையானது ரத்தம். எட்டாம் சீசனில் வில்லன் நீகனின் ஆட்கள் வாக்கர் ரத்தம் தோய்த்த ஆயுதத்தால் காயப்படுத்துகிறார்கள், காயம்பட்டவர்கள் காய்ச்சல் கண்டு இறந்து எழுகிறார்கள். அப்படியானால் அதுவரை முகமெல்லாம் அதே ரத்தம் தெறிக்கச் சண்டை போட்டவர்களுக்கு, கண்ணிலும் வாயிலும் பட்டவர்களுக்கு, ஏன் ஒன்றும் ஆகவில்லை? தொடரைக் காப்பாற்ற நினைப்பவர் அதே சீசனின் கேப்ரியலைக் காட்டலாம். குடலைப் பூசிக்கொண்டு தப்பித்த அவருக்குக் கடும் நோய் வந்து பார்வை கெட்டது. ஒரு சாட்சி இருக்கிறது, ஆனால் ஏழு சீசன் மௌனத்துக்கு அந்த ஒரு சாட்சி போதாது என்பதே எங்கள் கருத்து.

குடல் பூசும் தந்திரமும் இப்படித்தான். இரண்டாம் எபிசோடில் ரிக்கும் கிளென்னும் அதைப் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறார்கள், மழை வந்து கழுவிவிடுகிறது. வேலை செய்யும் என்று தெரிந்த தந்திரத்தை மற்ற ஆபத்துகளில் ஏன் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை? இங்கே குறை, தந்திரம் பொய்யாக இருப்பதில் இல்லை. "வேண்டாம், போன தடவை நோய் வந்தது" என்று ஒருவர் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அந்த வரி தேவையான இடத்தில் இல்லை.

கை கால் வெட்டுவதில் தொடர் ஓரளவு நாணயமானது. ஹெர்ஷலின் காலை மூன்றாம் சீசனில் கடிபட்டவுடனேயே வெட்டுகிறார்கள், பிழைக்கிறார். ஐந்தாம் சீசனில் டைரீஸின் கையை வெட்டும்போது நேரம் ஓடிவிட்டது, ரத்தமும் போய்விட்டது. விதி ஒன்றே, வித்தியாசம் நேரம். மருத்துவக் குற்றம் சொல்ல விரும்பினால் சிறைத் தரையில் கோடரியால் வெட்டிய பெரிய ரத்தக்குழாயை பெல்ட் ஒன்று எத்தனை நேரம் அடக்கும் என்று கேளுங்கள். அது மூன்றாம் பக்கக் கேள்வி.

மூன்றாம் பக்கம்: கணக்குப் போட்டுப் பேசுங்கள்

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பலம் இருக்கிறது. மின்சாரம் போனால் எது எத்தனை மணி நேரத்தில் நிற்கும் என்று நாம் யூகிக்க வேண்டியதில்லை. 2022, 2023இல் ஆறாம் கட்ட மின்வெட்டில் செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்து சிக்னல் போனதும், ரோபோ (போக்குவரத்து விளக்கு) அணைந்து சந்திப்பில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றதும் எல்லாருக்கும் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தில் என்3 நெடுஞ்சாலை மூடிய சில நாளிலேயே டர்பனில் ரொட்டிக்கும் பாலுக்கும் நீண்ட வரிசை நின்றது. கடை அலமாரியில் இருப்பது சில நாள் சரக்குதான், மிச்சமெல்லாம் லாரியில் வந்துகொண்டிருப்பது.

பெட்ரோல். இதுதான் எல்லா ஜாம்பித் தொடருக்கும் பொதுவான ஓட்டை. பெட்ரோலில் சீக்கிரம் தீப்பிடிக்கும் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும், அந்தப் பிசின் இன்ஜெக்டரையும் கார்புரேட்டரையும் அடைக்கும். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பாதி காலியான கார் டேங்கில் மூன்று முதல் ஆறு மாதத்தில் பெட்ரோல் மோசமாகத் தொடங்கும். நிலைநிறுத்தும் மருந்து கலந்து காற்றுப் புகாமல் மூடி வைத்தால் ஓராண்டு, கொஞ்சம் கூடவும் வரும். டீசல் இன்னும் சில மாதம் தாங்கும், ஆனால் அடியில் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லையில் நுண்ணுயிர் வளர்ந்து சளிபோலப் பரவி ஃபில்டரை அடைத்துவிடும். பக்கி (பிக்-அப் வண்டி) வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

வாதாடும்போது பெட்ரோலோடு நிற்காதீர்கள். நின்ற காரின் பேட்டரி சில வாரங்களில், அதிகம் போனால் ஓரிரு மாதத்தில், இறங்கிவிடும். டயரில் காற்றும் குறையும். ஆகவே கதைக்குள் ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு சாலையோரம் கிடந்த கார் சாவியைத் திருகியதும் சீறிக்கொண்டு கிளம்பினால் மூன்று பொருள் ஒரே நேரத்தில் அதிசயம் செய்திருக்க வேண்டும். தொடரின் நடுச் சீசன்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஒன்பதாம் சீசனில் குதிரை வண்டிகள் வருகின்றன, சோளத்திலிருந்து எத்தனால் காய்ச்சும் ஏற்பாடும் வருகிறது. குறையைத் தொடரே ஒப்புக்கொண்டு திருத்திய இடம் அது, பாராட்டிச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டர் ஓடும் காட்சி வந்தால் ஒரு பெருக்கல் போதும். வீட்டுக்கு வைக்கும் 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்குச் சுமார் 2 லிட்டர் குடிக்கும். நாள் முழுக்க ஓடினால் 48 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் நான்கு நாள் வரும். அந்த முகாமில் எத்தனை பீப்பாய் காட்டினார்கள்?

தண்ணீர். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளுக்கு 2 முதல் 3 லிட்டர். சமையல், கழுவல் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 15 லிட்டர் என்று நிவாரண முகாம்களில் வைக்கும் கணக்கு இருக்கிறது. 2018இல் கேப் டவுனில் ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியபோதே ஊர் எப்படித் திண்டாடியது என்பது நினைவிருக்கும். இருபது பேர் கொண்ட முகாமுக்கு 15 லிட்டர் கணக்கில் நாளுக்கு 300 லிட்டர். 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி நிரம்பியிருந்தாலும் பதினாறு நாள்தான். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போகக் கொஞ்சம் குறைய 1,000 லிட்டர் பிடிக்கலாம். இந்த நான்கு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டால் எந்தத் தொடரின் எந்த முகாமையும் சோதிக்கலாம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்தால், மேட்டிலிருக்கும் தொட்டிக்கு அதை ஏற்றியது யார் என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே தொங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்தபோது, ஊரும் அரசாங்கமும் எல்லாம் இருந்தும், குழாயில் தண்ணீர் வர மாதக்கணக்காயிற்று.

சாப்பாடு. பத்துக் கிலோ மக்காச்சோள மாவில் ஏறத்தாழ 35,000 கலோரி. ஒருவருக்கு நாளுக்கு 2,100 என்றால் அது பதினாறு நாள், இருபது பேருக்கு ஒரு நாள்கூட வராது. இதை வைத்துக்கொண்டு நான்காம் சீசன் முதல் எபிசோடைப் பாருங்கள். இத்தனை காலம் கழித்தும் பெரிய கடை ஒன்று சரக்கோடு இருக்கிறது. ஆனால் தொடர் காரணம் சொல்கிறது: சுற்றிலும் ராணுவ முகாம், அதை வாக்கர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் காட்டி இழுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். மேற்கூரை மழையில் ஊறி இற்றுப்போய் மேலே நின்ற வாக்கர்களின் பாரத்தில் சரிகிறது. கவனிப்பாரற்ற கட்டடம் முதலில் கூரையில்தான் சாகும். நடப்பியல் என்று வாதாட இதைவிட நல்ல சான்று தொடர் முழுவதிலும் குறைவு.

புல். ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் புகார், நியாயமான புகாரும்கூட. டர்பன் கோடையில் கிக்கூயுப் புல்லை வாரம் ஒருமுறை வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள், ஆளில்லாத சாலையோரம் சீராக வெட்டிய புல்லை மன்னிக்க மாட்டார்கள். நமக்கு உண்ணிச்செடி எப்படியோ ஜார்ஜியாவுக்கு குட்ஸு கொடி அப்படி. நல்ல வெயிலில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் வளரக்கூடியது. ஓராண்டு விட்டால் வேலியும் வண்டியும் பச்சைக்குள் போய்விடும்.

குளிர்காலம் ஏன் வருவதே இல்லை என்ற கேள்விக்கு விடை எளிது: ஜார்ஜியாவில் படப்பிடிப்பு வெயில் மாதங்களில் நடந்தது. முழுப் பனிக்காலம் ஒன்பதாம் சீசனின் கடைசியில்தான், 2019 மார்ச் 31 அன்று, வந்தது. இங்கே பார்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அவர்களுக்கு ஜூலை கோடை, ஜனவரி குளிர். மாதக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு "ஜூலையில் ஏன் சட்டையைக் கழற்றுகிறான்" என்று கேட்டு மாட்டிக்கொள்வது உண்டு.

தூரத்துக்கு நம் கையிலேயே அளவுகோல் இருக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே காம்ரேட்ஸ் மாரத்தான் சுமார் 90 கிலோமீட்டர். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள், வழியெல்லாம் தண்ணீர் கொடுக்க ஆள் இருந்தும், 12 மணி நேரத்துக்குள் முடிக்கத் திணறுகிறார்கள். குழந்தையும் மூட்டையும் காயமும் சுமந்தவர் நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தால் பெரிது. அட்லாண்டாவிலிருந்து வாஷிங்டன் சுமார் 1,000 கிலோமீட்டர், அதாவது நாற்பது நாள். ஒரு எபிசோடுக்குள் யாராவது ஊர் விட்டு ஊர் பறந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

துப்பாக்கிச் சத்தத்தில் முதல் எபிசோடு மிகச் சரி: டாங்கிக்குள் ரிக் சுட்டதும் காது அடைத்துத் தலை சுற்றுகிறது. பிறகு மூடிய அறைகளில் எத்தனையோ முறை சுட்டும் அடுத்த நொடியே கிசுகிசுத்துப் பேசிக்கொள்கிறார்கள். ரிக்கின் ரிவால்வர் கோல்ட் பைதான், ஆறு குண்டு. ஒருவர் விரல் விட்டு எண்ணட்டும்.

மருந்தை யாரும் எண்ணுவதில்லை, அதுதான் எங்களுக்குப் பெரிய குறை. ஒரு சாட்ஸ்வொர்த் தெருவில் கூட்டம் சேர்ந்தால் அதில் சர்க்கரைக்காரர் எத்தனை பேர், ஆஸ்துமா பம்ப் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் நின்றால் சில நாளில் உயிருக்கு ஆபத்து. திறந்த இன்சுலின் குப்பி அறை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும். பல், மூக்குக் கண்ணாடி, பிரசவம் எல்லாம் இதோடு சேரும். நான்காம் சீசனில் சிறைக்குள் பரவும் காய்ச்சல் இந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. நெருக்கமாக அடைந்தவர்கள், மருந்தில்லை, தூரம் போய்த் தேட வேண்டும். வாக்கரைவிட இருமல் அதிகம் பேரைக் கொல்லும் என்பதை அந்த எபிசோடுகள் புரிந்துவைத்திருந்தன.

நான்காம் பக்கம்: முட்டாள்தனமும் மோசடியும் வேறு

"இவன் ஏன் இப்படிச் செய்தான்?" என்று கத்துவதற்கு முன் ஐந்து கேள்வி கேளுங்கள். அந்த நிமிடம் அவனுக்கு என்ன தெரியும் (நமக்குத் தெரிந்ததை அவன் கணக்கில் ஏற்றாதீர்கள்)? முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருந்தது? வேறு வழி கைக்கெட்டியதா? இதற்கு முன் அவன் இப்படிப்பட்டவன் என்று காட்டியிருக்கிறார்களா? தவறுக்கு விலை கொடுத்தானா?

இரண்டாம் சீசனில் ஆண்ட்ரியா வண்டிக் கூரைமேல் நின்று, சுட வேண்டாம் என்று டேல் சொல்லியும் கேட்காமல், தள்ளாடி வரும் டேரலை வாக்கர் என்று நினைத்துச் சுடுகிறாள். எல்லார் வீட்டிலும் அவளைத் திட்டுவார்கள். கேள்விகளைப் போடுங்கள்: தூரத்தில் வெயில் கண்ணைக் கூசுகிறது, உடம்பெல்லாம் ரத்தமும் சேறுமாக ஒருவன் வருகிறான், தன்னையும் காவலுக்கு லாயக்கானவள் என்று காட்ட அவள் முன்பிருந்தே துடிக்கிறாள், பிறகு கூனிக் குறுகிப்போகிறாள். ஐந்துக்கும் விடை இருக்கிறது. இது பாத்திரத்தின் தவறு, எழுத்தின் தவறு இல்லை.

அதே ஆண்ட்ரியா மூன்றாம் சீசன் முடிவில் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறாள். எதிரே மில்டன் செத்துக்கொண்டிருக்கிறான், எழப்போகிறான் என்று தெரியும். குறடு தரையில் காலருகே கிடக்கிறது. அவள் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள். இந்தக் காட்சியைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள், கால்விரல் வேலை செய்யும் நேரத்தையும் பேசும் நேரத்தையும் தனித்தனியே கூட்டுங்கள். இங்கே மூன்றாவது கேள்விக்கு விடை இல்லை. அவள் சாக வேண்டும் என்று கதாசிரியர் முடிவு செய்துவிட்டு அவள் காலைக் கட்டிவைத்திருக்கிறார்.

இதைவிடக் கனமான குற்றம் பார்ப்பவரை ஏமாற்றுவது. ஆறாம் சீசனில், 2015 அக்டோபர் 25 அன்று, கிளென் குப்பைத்தொட்டி மேலிருந்து வாக்கர் கூட்டத்தில் விழுகிறான், குடல் உருவப்படுவதைக் காட்டுகிறார்கள். அடுத்த எபிசோடுகளின் தொடக்கத்தில் நடிகர் பெயரையும் எடுத்துவிட்டார்கள். நவம்பர் 22 அன்று, அவன் தொட்டிக்கு அடியில் நுழைந்து பிழைத்தான், உருவியது மேலே கிடந்தவன் குடலை என்று தெரிகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. கிளென் பிழைத்தது முடியாத காரியம் என்று வாதாடாதீர்கள், அது பலவீனமான வாதம், இடம் இருந்தது என்று எதிராளி நிரூபித்துவிடுவார். கேமராவை வைத்த கோணம் பொய் சாட்சி சொன்னது என்று வாதாடுங்கள்.

அந்த சீசன் 2016 ஏப்ரல் 3 அன்று, நீகன் யாரை அடித்தான் என்று காட்டாமலே முடிந்தது. விடை அக்டோபர் 23 அன்று வந்தது. அமெரிக்காவில் சுமார் 1.7 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள், அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை திரும்பவே இல்லை. கொடூரம் அதிகம் என்பது ஒரு வாதம். எங்கள் வாதம் வேறு: ஆறு மாதம் தள்ளிப்போட்டதால் துக்கம் புதிர்ப் போட்டியானது. ஆபிரகாமும் கிளென்னும் இறந்த இரவில், ரசிகர்கள் அழுவதற்கு முன் யூகம் பலித்ததா என்று பார்த்துக்கொண்டார்கள்.

ரிக்கின் மகன் கார்லின் சாவு (2018 பிப்ரவரி) இன்றும் சண்டைக்குரியது. "படக்கதையில் அவன் சாகவில்லையே" என்று தொடங்காதீர்கள். 2019இல் 193ஆம் இதழோடு முடிந்த, தொடருக்கு மூலமான படக்கதையில் கார்ல் கடைசிவரை இருக்கிறான் என்பது உண்மை. ஆனால் படக்கதையில் குழந்தையிலேயே இறந்த ஜூடித் தொடரில் வளர்ந்து பெரியவளாகி எல்லாருக்கும் பிடித்துப்போனாள். மாற்றம் என்பதாலேயே தவறாகாது. பலமான வாதம் இது: இடிந்த உலகில் ஒரு பையன் எப்படிப்பட்ட ஆளாக வளர்வான் என்பதுதான் முதல் எபிசோடிலிருந்து தொடர் கேட்டுவந்த கேள்வி, விடை வருமுன் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். எதிர்த்தரப்புக்கும் நல்ல வாதம் உண்டு: அந்நியன் ஒருவனுக்கு உதவப் போய்க் கடிபட்டான், அந்தக் கருணையே பிறகு ரிக் நீகனைக் கொல்லாமல் விடக் காரணமாயிற்று.

உட்கார்ந்து பேசும் முறை

பார்க்கும்போது நிறுத்தாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். எபிசோடு முடிந்ததும் ஒரு புகார் எடுத்துப் பத்து நிமிடம். பெரியவர் இருக்கும் வீட்டில் சிறியவர் அவரை மறுத்துப் பேசத் தயங்குவார், அதனால் புகாரைச் சொல்பவர் காட்சியை மறுக்கட்டும், ஆளை மறுக்க வேண்டாம்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் தெரியல, அவங்க சுத்த முட்டாளுங்க" என்றால் அத்தோடு முடிந்தது. இப்படித் தொடங்கலாம்:

"அக்கா, ரெண்டாம் சீசன் நாலாம் எபிசோடு. கிணத்துல வாக்கர் ஊறிக் கெடக்கு. தண்ணி ஏற்கெனவே கெட்டாச்சு. பண்ணையில வேற கிணறும் இருக்கு. அப்புறம் எதுக்குக் கிளென்னைக் கயித்துல கட்டி உள்ள இறக்கணும்?"

"கெட்டுப்போச்சுன்னு அவங்களுக்கு நிச்சயமாத் தெரியாதுடா. சுட்டா மூளை தண்ணியில கலக்கும், முழுசா எடுத்தா கிணத்தைக் காப்பாத்தலாம்னு நெனச்சாங்க."

"ஊறி உப்பிப்போனதை இடுப்புல கயிறு போட்டு இழுத்தா பிய்யாதா?"

பிய்ந்தது. அக்கா சொன்னது முதல் கேள்விக்கு விடை, தம்பி சொன்னது மூன்றாவதற்கு. இனி பேச்சு தானே நடக்கும்.

கடைசிப் பயிற்சி: கதையை இங்கே கொண்டுவாருங்கள்

நான்கு பக்கமும் பழகியபின் அதே நோயை டர்பனில் பரவவிட்டு ஒவ்வொருவரும் ஒரு முகாம் இடத்தைச் சொல்லட்டும், மற்றவர்கள் அதே கணக்குகளால் இடிக்கட்டும். துறைமுகத்தில் எரிபொருள் கிடங்கு இருக்கிறது என்பார் ஒருவர். இங்கிருந்த இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பின்னும் மற்றது 2022இலும் நின்றுவிட்டன, கப்பல் வராவிட்டால் கிடங்கில் இருப்பது மட்டும்தான், அதற்கும் ஆறு மாதக் கெடு உண்டு என்று இடிக்கலாம்.

எங்கள் ஓட்டு வடக்குக் கரையின் கரும்பு ஆலைக்கு. சக்கையை எரித்தே நீராவியும் மின்சாரமும் எடுக்கும் இடம் அது. ஒரு டன் கரும்பின் சாற்றிலிருந்து சுமார் 70 லிட்டர் எத்தனால் காய்ச்சலாம், பெட்ரோல் கெட்ட பிறகும் வண்டி ஓடும். இடிப்பவர்களுக்கும் இடம் வைத்திருக்கிறோம்: பெட்ரோல் எஞ்சினில் வெறும் எத்தனாலை ஊற்றினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும், அதற்கேற்ப எஞ்சினைத் திருத்தாவிட்டால் இரைந்து நிற்கும். இரண்டு ஆள் உயரக் கரும்புக் காட்டில் வாக்கர் எங்கே நிற்கிறது என்று வெட்டுகிறவருக்குத் தெரியாது. எரித்துவிட்டு வெட்டினால் தெரியும், ஆனால் அந்தப் புகை பல மைல் தூரத்துக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும்விட, நோய் எந்த மாதம் வந்தது என்று முதலில் கேளுங்கள். ஆலை அரைப்பது ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் வந்திருந்தால் உருளைகளைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போட்டிருப்பார்கள், அதைத் திரும்பப் பூட்டத் தெரிந்த ஃபிட்டர் உயிரோடு இருக்கிறாரா என்பதே முதல் எபிசோடின் கேள்வியாக இருக்கும்.